ஐஸ்லாந்துக்கு வந்த கானாங்கெளுத்தி: கடல் சூடானால் மீன் எங்கே போகும்?

மழை தவறினால் பயிர் நின்ற இடத்திலேயே வாடும். வயலைப் பார்த்தாலே நட்டம் எவ்வளவு என்று விவசாயிக்குத் தெரிந்துவிடும். மீன் விஷயம் வேறு. தண்ணீரின் சூடு ஒத்துவரவில்லை என்றால் அது இடத்தைக் காலி செய்துவிட்டு வேறு கடலுக்குப் போய்விடும். நேற்றுவரை கிடைத்த கரையில் வலை காலியாக வரும். அதுவரை அந்த மீனையே பார்த்திராத கரையில் வலை கிழியும் அளவுக்கு விழும்.

உலகின் வடகோடிக் கடல்களில் கடந்த முப்பது ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது. தெற்கே, சற்று வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்ந்த மீன்கள் வடக்கே தலைகாட்டுகின்றன. 'கூடுதலாக மீன் வந்தால் லாபம்தானே' என்று தோன்றும். அங்கே அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு நடந்ததை நம் ஊர் மீனவர்களும், மீன் வளர்ப்போரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நம் மத்தி மீனும் இதே போன்ற ஒரு பயணத்தில்தான் இருக்கிறது.

நான்காயிரம் டன்னில் இருந்து ஒரு லட்சம் டன்

ஐஸ்லாந்து, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியுள்ள சிறிய தீவு நாடு. மக்கள்தொகை சுமார் நான்கு லட்சம். நம் நாட்டின் ஒரு நடுத்தர நகரத்தின் அளவுதான். ஆனால் மீன்பிடித் தொழிலில் பெரிய நாடு. குளிர்ந்த நீரில் வாழும் காட் மீனும் ஹெர்ரிங் மீனும் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சோறு போட்டவை.

அட்லாண்டிக் கானாங்கெளுத்தி அந்த நாட்டுக்கு முக்கியமான மீனாக இருந்ததில்லை. நம் கானாங்கெளுத்தியின் உறவுக்கார மீன் இது. பிரிட்டன், அயர்லாந்துக்கு மேற்கேயும் அதற்குத் தெற்கேயும் முட்டையிட்டு, கோடையில் இரை தேடி நார்வே பக்கம் போகும். 2006இல் ஐஸ்லாந்துப் படகுகள் பிடித்த கானாங்கெளுத்தி சுமார் 4,000 டன். 2007இல் அது 36,000 டன்னைத் தாண்டியது. 2008இல் 1,12,000 டன். இரண்டே ஆண்டில் இருபத்தைந்து மடங்குக்கு மேல்!

காரணம் சூடு மட்டும் அல்ல. கடல் வெதுவெதுப்பானதால் முன்பு குளிர் தடுத்த பகுதிகளுக்கு மீன் போக முடிந்தது. அதே காலத்தில் கானாங்கெளுத்தியின் எண்ணிக்கையும் பெருகியிருந்தது. கூட்டம் பெருகினால் பழைய மேய்ச்சல் பரப்பில் இரை போதாது, புதிய மேய்ச்சல் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் அதை மேற்கே தள்ளின. ஒரு மீன் இடம் மாறியதும் 'எல்லாம் பருவநிலை மாற்றம்' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஐஸ்லாந்துக்கு அப்போது நல்ல நேரமும் அல்ல. 2008இல் அதன் வங்கிகள் திவாலாகி நாடே தத்தளித்தது. அந்த நேரத்தில் கடல் தானாகக் கொண்டுவந்து கொடுத்த மீனை யார் வேண்டாம் என்பார்கள்?

மீன் வந்தது, சண்டையும் வந்தது

கானாங்கெளுத்தியை யார் எவ்வளவு பிடிப்பது என்று ஐரோப்பிய ஒன்றியமும் நார்வேயும் ஏற்கெனவே பங்கு பிரித்து வைத்திருந்தன. அந்தக் கணக்கில் ஐஸ்லாந்து இல்லை. "எங்கள் கடலுக்கு வந்து, எங்கள் இரையைத் தின்று கொழுக்கிற மீனில் எங்களுக்குப் பங்கு உண்டு" என்பது ஐஸ்லாந்தின் வாதம். "இத்தனை ஆண்டுகள் கட்டுப்பாட்டோடு பிடித்து இந்த மீனைக் காப்பாற்றியவர்கள் நாங்கள். நேற்று வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போவதா?" என்பது மற்றவர்களின் வாதம். ஏரித் தண்ணீருக்காகத் தலைமடையும் கடைமடையும் மோதுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதாக இருக்காது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் சிக்கல்.

ஐஸ்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள பரோயே தீவுகளும் தன் பங்கைத் தானே உயர்த்திக்கொண்டது. ஒவ்வொரு நாடும் தனித்தனியாக அளவு வைத்துக்கொண்டதால், எல்லாவற்றையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன வரம்பைத் தாண்டியது. 2012இல், அளவோடு பிடித்த மீன் என்று சான்று தரும் மரைன் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சில், கானாங்கெளுத்திக்கான சான்றிதழை நிறுத்தி வைத்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, பரோயே மூன்றும் உடன்பாட்டுக்கு வந்தன. ஐஸ்லாந்து அதில் சேரவில்லை. 2016இல் திரும்பக் கிடைத்த சான்றிதழ் 2019இல் மறுபடியும் போனது. ஐரோப்பியக் கடைகளில் அந்தச் சான்று இல்லாத மீனுக்கு வாங்குவோர் யோசிப்பார்கள். ஒப்பந்தத்தை மதித்துப் பிடித்த மீனவரும் சேர்ந்தே அடிபட்டார்.

இதற்கிடையில் மீன் யாரையும் கேட்காமல் திரும்பிப் போகத் தொடங்கியது. 2010களின் நடுப்பகுதிக்குப் பிறகு கோடைக் கணக்கெடுப்புகளில் கானாங்கெளுத்தி மெல்ல கிழக்கே, நார்வே கடல் பக்கம் ஒதுங்கியது. 2020இல் ஐஸ்லாந்து கடலில் அதன் அளவு வெகுவாகச் சரிந்திருந்தது. கரைக்குப் பக்கத்தில் பிடித்த படகுகள் இப்போது மீனைத் தேடிக் கிழக்கே தொலைதூரம் ஓட வேண்டியிருக்கிறது. டீசல் செலவு என்ன ஆகும் என்று விசைப்படகு வைத்திருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில், கடல் ஆய்வுக்கான பன்னாட்டு மன்றம் 2026ஆம் ஆண்டுக்கான கானாங்கெளுத்திப் பிடிப்பை, முந்தைய ஆண்டுக்குப் பரிந்துரைத்த அளவில் இருந்து 70 சதவீதம் குறைக்கச் சொன்னது. மீன் நகர்ந்ததால் மட்டும் இந்த நிலை வரவில்லை. மீன் நகர்ந்தபோது பங்குக் கணக்கு நகராமல் நின்றதும், அந்த இடைவெளியில் எல்லோரும் அள்ளியதும்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

மீன் ஏன் நகர்கிறது?

மீனின் உடம்புச் சூட்டைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. ஆடு, மாடு போல உள்ளே ஒரே சூட்டை வைத்துக்கொள்ள பெரும்பாலான மீன்களால் முடியாது. தண்ணீர் சூடேறினால் மீனின் உடல் வேகமாக இயங்கும், ஆக்சிஜன் தேவை கூடும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். தேவை ஏறும்போது வரத்து இறங்குகிறது. இதுதான் மீனின் நெருக்கடி.

குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் இதை அன்றாடம் பார்க்கிறார்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கோடையில் விடியற்காலை கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இந்தக் கணக்கால்தான். கடல் மீன் குளிர்ந்த பக்கம் போய்விடும். குளத்து மீனுக்குப் போக இடம் கிடையாது. ஆகவே சித்திரை, வைகாசியில் விடியும் முன் குளத்தைப் பாருங்கள். மீன் மேலே வந்து திணறினால் அன்று தீவனத்தை நிறுத்திவிட்டு, காற்றூட்டும் கருவியைப் போடுங்கள், அல்லது புதுத் தண்ணீர் விடுங்கள்.

கடலில் இன்னொரு காரணம் இரை. வட அட்லாண்டிக்கில், அரிசி மணியைவிடச் சிறிய, இறால் இனத்தைச் சேர்ந்த மிதவை உயிரிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. காட் மீன் குஞ்சுகளுக்கு அவைதான் தாய்ப்பால் மாதிரி. பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலில் இந்த மிதவை உயிரிகளில் குளிரை விரும்பும் வகை குறைந்து, சூட்டை விரும்பும் வகை பெருகிவிட்டது. குளிர் வகை வசந்தத்தில், காட் குஞ்சுகள் பொரித்து வரும்போது ஏராளமாக இருக்கும். சூட்டு வகை இலையுதிர் காலத்தில்தான் உச்சத்துக்கு வரும். அப்போது குஞ்சுகளுக்குத் தாமதமாகிவிடும். விதைத்த பிறகு வர வேண்டிய மழை அறுவடையின்போது வந்தால் என்ன பயன்? அதே கதைதான்.

1977 முதல் 2001 வரையிலான 25 ஆண்டு ஆய்வுத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, வடகடலின் அடிமட்டத்தில் வாழும் மீன் இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒன்று வடக்கே நகர்ந்திருந்தன அல்லது ஆழத்துக்கு இறங்கியிருந்தன. 'ஆழத்துக்கு' என்பதைக் கவனியுங்கள். குளிரைத் தேட இரண்டு வழி உண்டு: வடக்கே போகலாம், கீழே போகலாம்.

நெத்திலி, சூரை, பேய்க்கணவாய்

வடகடலின் தென்பகுதியில் 1990களின் நடுவில் இருந்து நெத்திலி அதிகமாகத் தெரிந்தது. தெற்கே ஸ்பெயின், பிரான்சை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் இருந்துதான் வந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். மரபணுவைச் சோதித்தபோது வேறு கதை தெரிந்தது. அவை பெரும்பாலும் அந்தக் கடலிலேயே சிறு கூட்டமாக ஒதுங்கிக் கிடந்தவை. சூடு ஒத்துவந்ததும் பெருகிவிட்டன. புதிதாகத் தெரியும் மீன் எல்லாம் வெளியூரில் இருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

சூரையின் கதை இன்னும் சுவையானது. 2012 ஆகஸ்டில், கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலான கடலில் கானாங்கெளுத்திக்குப் போட்ட ஒரே வலையில் மூன்று நீலத்துடுப்புச் சூரைகள் சிக்கின. அவ்வளவு வடக்கே அந்த மீனை யாரும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் 11 டிகிரிக்கு வந்திருந்தது, இரையான கானாங்கெளுத்தியும் அங்கே இருந்தது. இரை போகும் வழியில் வேட்டைக்கார மீனும் போகிறது. பிரிட்டன் கரைகளிலும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இந்தச் சூரை திரும்பியிருக்கிறது. 2023இல் அங்கே சோதனை முயற்சியாகப் பத்துப் படகுகளுக்கு மொத்தம் 39 டன் பிடிக்க அனுமதி தந்தார்கள். இந்தத் திரும்புதலுக்குச் சூட்டோடு சேர்ந்து, பல ஆண்டுகள் கடுமையாகப் பிடிப்பைக் குறைத்ததும் காரணம். முதலில் பத்தே படகு, முப்பத்தொன்பதே டன் என்று அளந்து திறந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கானாங்கெளுத்திக்கு அப்படி ஒரு தொடக்கம் வாய்க்கவில்லை.

வந்த விருந்தாளி எல்லாம் லாபம் தருவதில்லை. 2025இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், டெவன், கார்ன்வால் பகுதிகளில், ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாய் கூட்டம் கூட்டமாகப் பெருகியது. இது மத்தியதரைக் கடல் பக்கம் அதிகம் இருக்கும் வகை. அதைப் பிடித்தவர்களுக்கு நல்ல காசு. ஆனால் அதே துறைமுகத்தில் நண்டுக்கூடு வைத்துப் பிழைப்பவர்களுக்குக் கூட்டைத் தூக்கினால் வெறும் ஓடுகள்தான். பேய்க்கணவாய் கூட்டுக்குள் புகுந்து நண்டையும் சிங்கி இறாலையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. இதேபோன்ற பெருக்கம் அங்கே 1950இலும், அதற்கு முன் 1899-1900இலும் நடந்திருக்கிறது. நிலையாக இருந்ததில்லை. இம்முறை கடல் முன்பைவிடச் சூடாக இருப்பதால் அடிக்கடி வரக்கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

நம் மத்தி எங்கே போனது?

இப்போது நம் கரைக்கு வருவோம். நெய்ச்சாளை, பேச்சாளை என்றெல்லாம் நாம் அழைக்கும் மத்தி, 1985க்கு முன் ஏறக்குறைய முழுவதும் மலபார் கரையில், 8 முதல் 14 டிகிரி வட அட்சரேகைக்குள்தான் பிடிபட்டது. அதாவது கன்னியாகுமரியில் இருந்து கர்நாடகத்தின் பட்கல் வரை. அதற்குப் பிறகு வடக்கே மகாராஷ்டிரா, குஜராத் பக்கமும், கிழக்கே தமிழகக் கரையிலும் மத்தி நிறையக் கிடைக்கத் தொடங்கியது. மேற்பரப்பு நீர் சூடாகி, அதற்கு ஒத்துவரும் பரப்பு விரிந்ததுதான் இதற்குக் காரணம் என்கிறார்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள். நம் கானாங்கெளுத்தியும் வடமேற்குக் கரையில் முன்பைவிட அதிகம் கிடைக்கிறது. அதோடு, மேல்மட்டத்தில் திரியும் அந்த மீன் இப்போது அடிமடி இழுக்கும் விசைப்படகு வலைகளிலும் கூடுதலாக விழுகிறது. அதாவது அது கீழேயும் இறங்குகிறது. ஃபைபர் படகில் செவுள் வலை போடுபவருக்கு எட்டாத ஆழத்துக்கு மீன் போனால், அதே கடலில் விசைப்படகுக்காரருக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

பழைய இடத்தில் என்ன ஆனது? கேரளத்தில் மத்திக்குக் 'குடும்பம் புலர்த்தி' என்றே ஒரு பெயர் உண்டு, குடும்பத்தைக் காப்பாற்றுவது என்று பொருள். 2012இல் கேரளத்தில் மட்டும் கிட்டத்தட்ட நான்கு லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் 3,297 டன். எழுத்துப்பிழை இல்லை, மூவாயிரத்துச் சொச்சம்தான். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடியில் இருந்து மேலே வரும் சத்துள்ள குளிர்ந்த நீர், எல் நினோ, குஞ்சு மீன்களை அள்ளியது என்று பல காரணங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன. பிறகு 2023இல் மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் மீனை நம்பித்தான் ஆயிரக்கணக்கான படகுகள் இருக்கின்றன. தமிழகத்தில் சுருக்குமடி வலைக்கு முக்கிய இலக்குகளில் ஒன்றும் மத்திதான். அந்த வலையை வைத்து ஊருக்கு ஊர் நடக்கும் சண்டையைப் பார்க்கும்போது ஐஸ்லாந்து சண்டை நினைவுக்கு வருகிறது.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அட்லாண்டிக் மீனுக்கு வடக்கே துருவம் வரை கடல் திறந்து கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே நிலம் அடைத்து நிற்கிறது. குஜராத்தைத் தாண்டினால் பாகிஸ்தான் கரை, வங்கக் கடலில் ஒடிசா, வங்காளம், அதோடு சரி. நம் மீனுக்குக் குளிரைத் தேடிப் போக மிஞ்சியிருக்கும் முக்கிய வழி ஆழம்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், கடன். ஒரு மீன் உங்கள் கரைக்குப் புதிதாக வந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் நன்றாகக் கிடைத்தால், அதற்கென்றே பெரிய வலையும் பெரிய இயந்திரமும் வாங்க ஆசை வரும். வலைக்குக் கடன் ஐந்து ஆண்டு, மீன் மூன்று ஆண்டில் போய்விட்டால்? ஐஸ்லாந்து நிறுவனங்களுக்குக் காட், ஹெர்ரிங் என்று வேறு மீன்களும் இருந்தன, தாங்கிக்கொண்டார்கள். ஒரே படகு வைத்திருக்கும் குடும்பம் தாங்காது. நான் சொல்வேன்: கடன் தவணையை, அந்தப் புது மீன் ஒரு கிலோகூடக் கிடைக்காத ஆண்டிலும் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்த வலை வேண்டாம். இருக்கும் வலையில் கண்ணி அளவை மாற்றி வேறு மீனும் பிடிக்க வழி இருந்தால் அதுவே மேல்.

அடுத்தது குஞ்சு மீன். கேரள அரசு மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே பிடிக்கக் கூடாது. சட்டம் உங்கள் ஊரில் எப்படி இருந்தாலும் இந்த அளவை ஊர்க் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம். புதிய கரையில் குடியேறும் மீனுக்கு முதல் சில தலைமுறைதான் முக்கியம். குஞ்சை எண்ணெய் ஆலைக்கும் மீன்தூள் ஆலைக்கும் கிலோ கணக்கில் தள்ளினால், வந்தது தங்காது.

கடலுக்குப் போகும் முன் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் தரும் மீன்வள மண்டல அறிவிப்பைப் பாருங்கள். கடல் மேற்பரப்பின் சூட்டையும், மிதவைப் பாசியின் அளவையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் கூடக்கூடிய இடத்தைத் திசை, தூரம், ஆழத்தோடு சொல்வார்கள். தமிழிலும் கிடைக்கிறது. மேகம் மூடிய நாட்களிலும் தடைக்காலத்திலும் வராது. வீணாக அலையும் டீசல் மிச்சம்.

இறால், மீன் வளர்ப்பவர்களும் மத்தியைக் கவனிக்க வேண்டும். தீவனத்தில் சேரும் மீன்தூளும் மீன் எண்ணெயும் பெரும்பகுதி மத்தி போன்ற மீன்களில் இருந்து வருபவை. கடலில் மத்தி குறைந்த ஆண்டில் தீவன விலை ஏற வாய்ப்பு உண்டு. குஞ்சு விடும் முன்பே அந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, இடம், ஆழம், வலை, என்ன மீன், எத்தனை கிலோ. இவ்வளவுதான். வடகடலில் மீன் நகர்ந்ததை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது 25 ஆண்டுப் பதிவு இருந்ததால்தான். நாளை நம் கரையில் பங்குப் பேச்சு வந்தால், 'என் தாத்தா காலத்தில் இருந்தே இங்கே கிடைக்கும்' என்பதைவிட ஐந்து ஆண்டு நோட்டு அதிகம் பேசும்.

வலையில் பழக்கமில்லாத மீன் விழுந்தால் ஏலத்தில் போடும் முன் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து முழு மீனும் தெரிய ஒரு படம் எடுங்கள். பிடித்த நாள், இடம், ஆழத்தைக் குறித்துக்கொண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், தூத்துக்குடி, சென்னை மையங்களில் பக்கத்தில் உள்ளதிடம் காட்டுங்கள். முடிந்தால் ஒரு மீனைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், குடலை எடுக்க வேண்டாம். என்ன தின்றது என்பது அதில்தான் இருக்கும்.